டெல்வினின் வான்கோழி உலா

சாலை ஓரம் வந்ததும் டெல்வின் நிற்பார். வான்கோழியும் நிற்கும். இடப்பக்கம் பார்ப்பார், வலப்பக்கம் பார்ப்பார், மறுபடி இடப்பக்கம் பார்ப்பார். பிறகு வலது கையை உயர்த்தி அல்பேனியாவின் எல்பசான் நகரத்தின் மாலைப் போக்குவரத்து முழுவதையும் நிறுத்துவார். ஹாரன்கள் அலறும். நீண்ட குச்சியால் பறவையின் பின்புறத்தை இலேசாகத் தொட்டு, அதைக் கடக்கவிட்டுக் கடைசியில் தான் கடப்பார். அமெரிக்காவில், ஐடஹோ என்ற உருளைக்கிழங்குச் சீமையில், முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இறங்கிய பிள்ளை எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்வரை அவருக்கு மூச்சு சீராக வராது.

வயது அறுபத்தொன்பது. வெள்ளைச் சட்டை, டை, சட்டைப்பையின் மேல் அவருடைய கிறிஸ்தவ சபையின் கறுப்புப் பெயர் பேட்ஜ். மனைவி நார்லீனுடன் ஊழியத்துக்கு வந்து ஐந்து மாதம். அல்பேனிய மொழியைப் புத்தகத்தில் படித்தவர் ஆகையால், தக்காளி வாங்கினாலும் பிரசங்கம்போல இருக்கும். கதவு தட்டினால், "உள்ள வாங்க, ஒரு காப்பி" என்று எங்கள் ஊரில் யாரானாலும் அழைப்பார்கள். "நான் காப்பி அருந்துவதில்லை" என்பார். அவர் சபையின் விதி அது. அதற்குமேல் அவரிடம் எப்படிப் பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

வான்கோழி வந்ததற்குக் காரணம் ஒரு பச்சைப் பெட்டி. அக்டோபரில் நார்லீன் தன் துணிகளை அடுக்கிப் பூட்டி, அதை வாசற்கதவருகே நிறுத்திவிட்டார்.

"நன்றித் திருநாள் வரைக்கும் பொறுத்துக்கறேன், டெல். ஊர்ல நாப்பது பேரு ஒண்ணா உக்காந்து கத்திக்கிட்டு வான்கோழி சாப்பிடுற நாளு அது. உன் தங்கச்சி வெர்டா வந்து என் குழம்புல கை வைப்பா, நான் அவளோட சண்டை போடுவேன். அன்னிக்கும் நாம ரெண்டு பேரும் சுவத்தப் பாத்துக்கிட்டு ரொட்டியக் கடிச்சா, நான் கிளம்பிடுவேன். நீ வந்தா வா, வராட்டி இரு."

"வான்கோழி உண்டு. நான் பொறுப்பு" என்றார் டெல்வின்.

எல்பசானில் வான்கோழி புத்தாண்டுக்குத்தான். டிசம்பர் கடைசியில் கிராமத்துக்காரர்கள் மந்தையாக நடத்திக் கொண்டுவருவார்கள். நவம்பரில் கேட்பது தை மாதத்தில் மாம்பழம் கேட்பதைப் போல. டெல்வின் பேருந்து பிடித்துக் கிராமத்துக்கே போனார். வான்கோழிக்காரர் செஃபெடின், வெள்ளைக் குல்லாயும் சிகரெட்டுமாக வேலியோரம் நின்றிருந்தார்.

"ஐயா, இப்பறவைகளுள் ஒன்றை எனக்கு விற்றருள்வீர்களா?"

"மாட்டேன். இது இப்ப கோழியே இல்ல மிஸ்டர், ரெக்கை முளைச்ச எலும்புக்கூடு. இத வித்தேன்னு தெரிஞ்சா என் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகாது. எந்தத் தேதிக்கு வேணும்?"

"நவம்பர் இருபத்தெட்டு."

செஃபெடின் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். அது எங்கள் கொடி நாள். சுதந்திரக் கொடி ஏறிய நாள்.

"அமெரிக்காலேருந்து வந்து எங்க கொடிக்கா விருந்து வைக்கிறீங்க?"

டெல்வினுக்குப் பொய் வராது. "இல்லை ஐயா. அது எங்கள் நாட்டின் நன்றித் திருநாள். இவ்வாண்டு அது அதே தேதியில்..."

"நன்றிதானே? யாருக்கு? எங்க கொடிக்கு! எனக்குக் கண்ணு கலங்குது மிஸ்டர்."

நிபந்தனை ஒன்றுதான்: டெல்வினே அதைக் கொழுக்க வைக்க வேண்டும். மக்காச்சோளமும் ஓடு உடைக்காத வால்நட்டும் ஊட்ட வேண்டும். தினமும் நடத்தவும் வேண்டும். "நடக்காத கோழி பஞ்சு மாதிரி இருக்கும்." கொழுக்கவும் வேண்டும், நடக்கவும் வேண்டும் என்றால் எப்படி என்று டெல்வின் கேட்கவில்லை. லிஃப்ட் இல்லாத நான்காம் மாடியின் பால்கனியில் ஊட்டினார். மாலையில் கடைவீதி உலாவுக்கு இறக்கிக்கொண்டு வந்தார். ஞாயிறு ஆராதனை முடியும் நேரம் செஃபெடின் வந்து பறவையின் நெஞ்சைக் கட்டைவிரலால் அழுத்தி, "ம்ஹூம்" என்பார்.

காப்பிக் கடைகளிலிருந்து ஆட்கள் எழுந்து வர ஆரம்பித்தார்கள்.

"மிஸ்டர், எடை ஏறுச்சா?"

"நேற்றைக் காட்டிலும் இருநூறு கிராம் கூடியுள்ளது."

"கோழிக்கா, உங்களுக்கா?"

இருபத்தெட்டாம் தேதி காலை செஃபெடின் அழுத்திப் பார்த்துத் தலையசைத்தார். மொட்டைமாடியில் கத்தி வேலையையும் அவரே முடித்தார். அந்த நேரம் டெல்வின் கீழே, சாலை ஓரத்தில், குச்சியோடு தனியாக நின்றிருந்தார்.

பிற்பகலில் எதிர்வீட்டு மிமோசா கதவைத் தட்டாமலே சோளரொட்டியோடு உள்ளே வந்தாள். அவள் பின்னால் கட்டிடமே வந்தது: பிரெக் என்ற அடுக்குப் பலகாரத் தட்டுகள், ஊறுகாய், சிவப்புக் கொடிகள். டெல்வின் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும், "மன்னிக்கவும், இது வேறொரு திருநாள்" என்று விளக்கினார். "அதேதான், அதேதான்" என்று அவர் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

அடுப்படியில் ஒரு கூச்சல். குழம்புக்கென்று நார்லீன் இறக்கிவைத்திருந்த வான்கோழிச் சாற்றை, மிமோசா எடுத்து உதிர்த்த சோளரொட்டியின் மேல் மொத்தமாகக் கவிழ்த்துவிட்டாள்.

"ஐயோ, என் குழம்பு!" என்றார் நார்லீன், ஆங்கிலத்தில்.

"கத்தாதீங்கக்கா, இப்படித்தான் செய்யணும்!" என்றாள் மிமோசா, அல்பேனிய மொழியில்.

"யாரக் கேட்டு என் சட்டில கை வச்ச?"

"உப்பு வேற இல்ல! இத்தன வயசாச்சு, உப்புப் போடத் தெரியல!"

"கரண்டியக் குடுடி!"

ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும் ஒரு பதில்கூட இடம் மாறி விழவில்லை.

டெல்வின் விலக்கிவிட ஓடிவந்தார். ஐந்து மாதமாக வெளிறிக் கிடந்த நார்லீனின் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. வெர்டாவுக்கு மட்டுமே காட்டும் முகம். டெல்வின் ஓசைப்படாமல் பின்வாங்கி வந்துவிட்டார்.

எல்லோரும் உட்கார்ந்த பிறகு, நல்ல கோட்டு போட்டுக்கொண்டு செஃபெடின் வந்தார். நாற்காலி இல்லை, முக்காலி இல்லை, கட்டிலிலும் இடமில்லை. கரண்டியும் கையுமாகச் சுற்றிலும் பார்த்த நார்லீன், வாசலுக்குப் போய்ப் பச்சைப் பெட்டியை இழுத்துவந்து, படுக்கப் போட்டு, அதன் மேல் இரண்டு தட்டுத் தட்டினார்.

செஃபெடின் கனத்த ஆள். உட்கார்ந்ததும் பூட்டு 'டப்' என்று தெறித்தது. இரவு உடுப்பின் கை ஒன்று வெளியே தொங்கியது. டெல்வின் பாதி எழுந்தார். நார்லீன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. செஃபெடினின் தட்டில் ஒரு கரண்டி சோளரொட்டியை வைத்தார். பிறகு மிமோசாவை முறைத்துக்கொண்டே, அதன் மேல் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினார்.