ஸ்பிரிட் வாசனை போன பின்னும்

தண்ணீரில் துளிக் கலப்படத்தையும் பொறுக்காத ஒருவர், மனிதர்களுக்கு இடையில் எவ்வளவு பொறுத்துக்கொள்வார்? குப்பியக்காவைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி ஒரு தடவையாவது வந்திருக்கும். அவர் வாழ்க்கை அதற்கு நேரான பதில் எதையும் தரவில்லை.

கதிர்வீச்சு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் காமா அறை அவர் பொறுப்பு. கனத்த ஈய உறைக்குள் கதிர்மூலம் இருக்கும். கண்ணாடிக் குப்பிகளை அதற்குள் இறக்கி, குறித்த நேரம் வைத்து எடுக்க வேண்டும். என்ன நடக்கிறது என்று கேட்டால் சுருக்கமாகச் சொல்வார்: "கதிர் பட்டா தண்ணி உடையும். உடைஞ்ச துண்டு பக்கத்துல எது இருந்தாலும் பிடிச்சுக்கும்."

அந்தத் துண்டுதான் ஹைட்ராக்சில் என்னும் தனி உறுப்பு (ஃப்ரீ ராடிக்கல்). ஜோடி இல்லாத எலக்ட்ரான் ஒன்றோடு பிறந்து, கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. அதற்குள் தண்ணீரில் கரைந்திருக்கும் கரிமச் சேர்மத்திலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும், அல்லது தானே போய் ஒட்டிக்கொள்ளும். சேர்மம் உருமாறிவிடும். கழிவுநீரில் தங்கிவிடும் மருந்துகளை இப்படி அழிக்க முடியுமா என்பதே அந்தக் கூடத்தின் ஆராய்ச்சி.

ஆகவே அழுக்கு என்ற சொல்லுக்கு அங்கே வேறு பொருள். விரலின் எண்ணெய்ப் பசையும் சோப்பின் மிச்சமும்கூடக் கரிமச் சேர்மங்கள்தான். குறுக்கே விழுந்து அந்தத் துண்டுகளைப் பறித்துக்கொள்ளும். குப்பியக்கா தன் குப்பிகளைத் தானே கழுவி, மின் உலையில் சுட்டு எடுப்பார்; பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். ஹைட்ராக்சிலின் அளவைக் கூட்டுவதற்காகத் தண்ணீருக்குள் சிரிப்பு வாயுவைக் குமிழிவிடுவதும் அவர்தான்.

"நாள் முழுக்க சிரிப்பு வாயுவோட இருக்கீங்க, ஒரு நாளாவது சிரிச்சிருக்கீங்களா?" என்று கூடத்தில் சீண்டுவார்கள்.

"கசியாம வேலை பாக்கறேன்னு அர்த்தம்" என்பார், முகம் மாறாமல்.

அவருடைய நாத்தனாரும் அதே கூடத்தில் தற்காலிக ஆய்வாளர். கெட்டிக்காரப் பெண், அவசரக்காரியும்கூட. தண்ணீரில் லேசில் கரையாத மருந்து ஒன்றை எடுத்துச் சோதித்தாள். கதிர்வீச்சில் அது கிட்டத்தட்ட அப்படியே தப்பிப் பிழைத்தது. ஹைட்ராக்சிலுக்கே மசியாத சேர்மம் என்றால் பெரிய செய்தி. மறுநாள் கூட்டத்தில் இயக்குநர் அதை ஏற்றுக்கொண்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அந்த மாதத்தோடு சீட்டுக் கிழிந்துவிடும்.

குப்பியக்கா வழக்கப்படி அதே மருந்தைத் தன் குப்பி ஒன்றிலும் போட்டு, கூடவே இறக்கி வைத்திருந்தார். அன்று மதியம் அளந்து பார்த்தபோது தன் குப்பியில் மருந்து பெரும்பாலும் அழிந்திருந்தது. கழுவுதொட்டிப் பக்கம் போய்ப் பார்த்தார். ஸ்பிரிட் பாட்டில் காலியாகிக் கிடந்தது. உலை காலியாகும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், நாத்தனார் தன் குப்பிகளை ஸ்பிரிட் விட்டு அலசிக் காற்றில் உலர்த்தியிருக்கிறாள். வாசனை போனதும் ஸ்பிரிட்டும் போய்விட்டது என்று நினைத்துவிட்டாள். கரைந்திருந்த மருந்தோ துளியூண்டு. அதோடு ஒப்பிட்டால் குப்பிச் சுவரில் ஒட்டியிருந்த ஸ்பிரிட் ஒரு பெருங்கூட்டம். ஹைட்ராக்சில் எல்லாம் அதிலேயே செலவாகிவிட்டது.

சாயங்காலம் வீட்டில் குப்பியக்கா, கணவர், நாத்தனார் மூவரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். கணவர் தம்ளரைத் தூக்கிக் காட்டினார். "இவ கழுவின தம்ளர்ல ஊத்தினா தண்ணிக்கே கூச்சமா இருக்கும்."

"கிண்டல் பண்ணாதண்ணே, நாளைக்கு அவங்க தயவு வேணும். அண்ணி, கூட்டத்துல எனக்காக நாலு வார்த்தை நல்லதாச் சொல்லுங்க" என்றாள் நாத்தனார்.

"ஆறிப் போகுது, சாப்பிடு" என்றார் குப்பியக்கா.

மறுநாள் கூட்டத்தில் நாத்தனார் பேசி முடித்ததும் குப்பியக்கா எழுந்தார். "அந்தக் குப்பிகள்ல ஸ்பிரிட் இருந்திருக்கு சார். சுட்டெடுத்த குப்பியில செஞ்சு பார்த்தேன். மருந்து அழிஞ்சுடுது."

தவறான கோட்பாட்டை மன்னிக்கும் இயக்குநர் அழுக்குக் குப்பியை மன்னிப்பதில்லை. அதற்காக ஒருவரை வீட்டுக்கு அனுப்பியும் இருக்கிறார். "யார் கழுவினது?" என்றார்.

நாத்தனார் வாய் திறப்பதற்குள் குப்பியக்கா சொன்னார்: "நான்தான் சார்."

அதைப் பெருந்தன்மை என்று சொல்லிவிடலாம். ஆனால் பொய் பொய்தான். முந்தின நாள் வீட்டிலேயே சொல்லியிருந்தால் அதற்குத் தேவையே இருந்திருக்காது. இயக்குநர் நம்பினாரோ இல்லையோ, சோதனையைத் திரும்பச் செய்ய நாத்தனாருக்கு அவகாசம் கொடுத்தார். காமா அறைச் சாவியைக் குப்பியக்காவிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே அண்ணி?" என்று வீட்டில் நாத்தனார் அழுதாள்.

"போய் முகத்தைக் கழுவு" என்றார் குப்பியக்கா.

நாத்தனார் முறையாகச் செய்து காட்டினாள். வேலை நிரந்தரமானது. அதன்பின் தானே இயக்குநரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் குப்பியக்காவைக் கூப்பிட்டு, சங்கடத்தோடு சாவியை நீட்டினார்.

"பொய் சொல்லிட்டேனே சார், வாசனை போனாலும் அது ஒட்டிட்டுதான் இருக்கும்" என்ற குப்பியக்கா அதை வாங்கவில்லை. பண்டக அறைக்கு மாற்றல் கேட்டு, ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தார்.