பாதி விலைக்கு ஒரு ஹெட்போன்

பாதி விலைக்கு எதையாவது தருகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். அப்படிப்பட்ட நான்தான் ஒரு வியாழக்கிழமை காலை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ் ஏறினேன். கைப்பையில் லேப்டாப்பும், சமையலறையிலிருந்து எடுத்து வந்த சின்ன எடை மெஷினும் இருந்தன.

ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பது என் வேலை. வாசித்த பதிவிலிருந்து வேண்டாத சத்தங்களை நீக்கி, நானே உட்கார்ந்து சுத்தமும் செய்வேன். வாசிக்கும்போது காதில் கேட்பது வெளியே கசிந்து மைக்கில் ஏறிவிடக்கூடாது. அதனால் காதை முழுக்க மூடும் ஹெட்போன்தான் வேண்டும். வெளிநாட்டுத் தயாரிப்பு, மரத்தில் குடைந்த கிண்ணங்கள், ஆட்டுத்தோல் மெத்தை என்று நான் படங்களில் மட்டுமே பார்த்திருந்த ஒரு ஹெட்போன், பழைய சாமான் விற்கும் இணையப் பக்கம் ஒன்றில் பாதி விலைக்கு வந்தது. விற்பவர் அரியலூரில் இருக்கும் ரிட்டயர்டு பிசிக்ஸ் ஆசிரியர். ஏன் விற்கிறீர்கள் என்று போனில் கேட்டேன். மகன் வேறு ஒன்று அனுப்பிவிட்டான் என்றார். இரண்டு நாள் கழித்து, மறந்துபோனவள் மாதிரி அதையே மறுபடி கேட்டேன். இப்போதெல்லாம் பாட்டு கேட்பதே இல்லை என்றார். ஒரே கேள்விக்கு இரண்டு பதில். டூப்ளிகேட்டாகத்தான் இருக்கும், போகாதே என்றார் என் கணவர். ஆனாலும் போனேன்.

சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் போகும் சாலையில் வீடு. வாசல் செம்பருத்தியின் இலைகூடத் தூசியில் வெளுத்துக் கிடந்தது. ஒவ்வொரு லாரிக்கும் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. வீட்டில் இருக்கும்போதும் அவர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். மாதா படத்துக்குக் கீழே நாற்காலியில் அவர் மனைவி. நாற்காலியை ஒட்டி நாலு கால் வைத்த ஊன்றுகோல் ஒன்று நின்றது.

டப்பாவை மேசையில் வைத்தார். நான் எடை மெஷினை வெளியே எடுத்தபோது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. போலிகள் எடை குறைவாக இருக்கும் என்று படித்திருந்தேன். இது சரியாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. "நல்லாப் பாத்துக்குங்கம்மா. அவசரமில்ல," என்றார்.

நன்றாகவே பார்த்தேன். கிண்ணங்களைத் தாங்கும் உலோக வளைவு, தொட்டால் சில்லென்று இருந்தது. திருகும் இடத்தைக் காதருகே வைத்து மெதுவாகத் திருப்பினேன், சத்தமில்லை. இரண்டு கிண்ணங்களிலும் மரத்தின் ரேகை வேறு வேறாக ஓடியது. அச்சடித்த ஸ்டிக்கராக இருந்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். உள்ளே பொறித்திருந்த எண் டப்பாவில் இருந்ததோடு ஒத்துப்போனது. இடது பக்க மெத்தையில் மட்டும் தையல் கொஞ்சம் நெருக்கமாக இருந்தது. இதை மாற்றினீர்களா என்று கேட்டேன். வந்தபடியே இருக்கிறது என்றார். அந்த அம்மா அவரைப் பார்த்தார். பார்த்ததை நான் பார்த்துவிட்டேன்.

காதில் மாட்டி, முதலில் என் குரலையே ஓடவிட்டேன். எத்தனையோ ஹெட்போன்களில் என் சகரம் ஊசி மாதிரி குத்தும். இதில் குத்தவில்லை. மூடிய ஹெட்போன்களில் வழக்கமாக வரும், குடத்துக்குள் பேசுவது போன்ற கனமும் இல்லை. வரிகளுக்கு நடுவே நான் மூச்சை இழுப்பதும் பக்கம் புரட்டுவதும் தனித்தனியாகக் கேட்டன. அடுத்து, சிறுவாச்சூர் கோயிலில் நானே பதிவு செய்த தவில். இங்கேதான் பிடிபட்டது. வலது பக்கம் தவில் நெஞ்சில் இடித்தது. இடது பக்கம் தகரத்தைத் தட்டியது போல ஒலித்தது.

இடது பக்கம் அடிபட்டிருக்கிறது, அதை மறைக்கத்தான் மெத்தையை மாற்றியிருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். சொல்லவும் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. தனக்கு அப்படித் தெரியவில்லையே என்று மட்டும் சொன்னார்.

நிரூபித்துவிடலாம் என்று ஹெட்போனை இடவலமாக மாற்றி மாட்டினேன். கோளாறு ஹெட்போனில் என்றால் தகரச் சத்தமும் வலது காதுக்குப் போக வேண்டும். போகவில்லை. என் இடது காதிலேயே நின்றது. ஒரு நிமிஷம் என் காதின் மேலேயே பயம் வந்துவிட்டது. பிறகுதான் உறைத்தது. என் மூக்குக்கண்ணாடியின் இடது காம்பு கொஞ்சம் வளைந்திருக்கும். அது மெத்தையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தது. அந்த இடுக்கு வழியாகத் தவிலின் அடிநாதம் முழுக்க வெளியேறிக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றினேன். இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். காலடியில் தரை அதிர்ந்தது. கண்ணைத் திறந்தால் ஜன்னல் கண்ணாடி ஆடிக்கொண்டிருக்கிறது, வெளியே லாரி ஒன்று கடந்துகொண்டிருக்கிறது, எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. சந்தோஷம் தாங்காமல் கழற்றிவிட்டு, "லாரி போறதுகூடக் கேக்கல சார்," என்றேன்.

பில்லை எடுத்து வருகிறேன் என்று அவர் சட்டென்று எழுந்து உள்ளே போனார். திருட்டுப் பொருளோ என்றுகூட என் புத்தி அப்போது ஓடியது. அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, "இத ஏம்மா சார் விக்கிறாரு?" என்று நேராகக் கேட்டுவிட்டேன்.

அவர் உள்ளறையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். போன ஐப்பசி மழையில் கொல்லைப்பக்கம் வழுக்கி விழுந்து தனக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம். அப்போது கணவர் இதே நாற்காலியில் இந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

"எவ்வளவு நேரம் கூப்பிட்டேன்னு எனக்கே தெரியல. கொல்லக்கதவு தொறந்துதான் கெடந்துச்சு. விழுந்த எடத்துலேருந்து அவரு முதுகு தெரியுது. தலைய ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு." ஊன்றுகோலைக் கிட்டே இழுத்துக்கொண்டார். "நான் ஒரு வார்த்த சொல்லலம்மா. அவராத்தான் பொட்டியில போட்டு மூடுனாரு. நான் சொன்னதாக் காமிச்சுக்காத."

ஆசிரியர் பில்லோடு வந்தார். பேரம் பேசுவதற்கென்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததில் ஒன்றையும் சொல்லாமல், கேட்டதைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். திரும்பும் பஸ்ஸில், வாங்க வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்வார்களோ என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அந்த நினைப்பு எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் வந்தது உண்மை.

மாதம் ஒன்று ஆவதற்குள் இடது மெத்தையின் தோல் உரிந்தது. ஆட்டுத்தோல் இல்லை, ரெக்சின். ஆக, மாற்றித்தான் இருக்கிறார். ஆசிரியருக்குப் போன் செய்து கேட்டேன்.

"மழத்தண்ணியில ஊறிடுச்சும்மா. அவ வழுக்கி விழுந்த அன்னைக்கு, இது கழுத்துல கெடந்தபடியே ஓடிட்டேன். கொல்லையில எங்க விழுந்துச்சுன்னுகூடப் பாக்கல. மாத்துனேன்னு சொன்னா ஏன்னு கேப்பீங்க. அதான் சொல்லல."

புது மெத்தைக்குப் பணம் அனுப்புகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டதற்கு, ஊன்றுகோல் இல்லாமல் தன் தோளைப் பிடித்துக்கொண்டு மாதா கோயில் பூசைக்கு நடந்து வருகிறாள் என்றார். அந்த ஹெட்போனில் இப்போது நான் என்ன வேலை செய்கிறேன் என்று விசாரித்தார். அதை வைத்து முடித்திருந்த ஒரு புத்தகத்தின் முதல் சில அத்தியாயங்களை அனுப்பி வைத்தேன். ஸ்பீக்கரில் போட்டு இருவரும் கேட்பதாகச் சொன்னார்.

நாலு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். மூன்றாம் அத்தியாயத்தில் ஓரிடத்தில் பின்னணியில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள், மனைவிதான் முதலில் கவனித்தாள் என்றார். இருக்காது சார் என்றேன். போனை வைத்ததும் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். என் குரலுக்கு அடியில் மெலிதாக மூன்று தட்டல். சற்று இடைவெளி விட்டு மறுபடி மூன்று. சுத்தம் செய்யும்போது மேசையில் என் கை பட்ட சத்தம் என்று விட்டிருக்கிறேன். அந்தப் பதிவு நடந்த நாளில் வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன், காதில் இதே ஹெட்போனோடு.

கணவரிடம் கேட்டேன், பக்கத்து வீட்டில் கேட்டேன். யாரும் வந்ததாகச் சொல்லவில்லை. மேசையைக் கதவைப் பார்த்துத் திருப்பிப் போட்டுவிட்டேன். வந்தது யார் என்று இன்றுவரை தெரியாது.