ஜெயபுரத்திலிருந்து வற்றாப்பளைக்கு: ஸ்டியரிங் என் கையில்

மாசியில் அறுவடை முடிந்த கையோடு, புது அரிசியுடன் வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கப் போவது எங்கள் வீட்டு வழக்கம். இந்த முறை இன்னொரு காரணமும் இருந்தது. எனக்கு அறுபத்திரண்டு வயது. இனிக் கார் ஓடக்கூடாது என்று வவுனியாவில் வேலை பார்க்கும் என் மகன் முடிவு கட்டி, காரை வாங்க ஆளும் பிடித்துவிட்டான். கார் போனால் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பதே என் பிழைப்பாகிவிடும். பக்கத்தில் இருந்து பார், ஒரு பிழை விட்டாலும் கார்த் திறப்பை உன் கையில் தருகிறேன் என்று சொல்லி அவனை ஏற்றினேன்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். போக ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். போக வர நாலாயிரம் ரூபாய்ப் பெற்றோல். அக்கராயன் வழியாக முறிகண்டிக்கு வந்து, எல்லா வாகனங்களையும் போல நிறுத்தி, பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, வறுத்த கச்சான் கடலையும் வாங்கினோம். வழி முழுக்க மகனின் வாய் ஓயவில்லை. மாடு நிற்கிறதாம், வளைவு வருகிறதாம். பெற்றோல் கிடைக்காத யுத்த காலத்தில் அதில் நாலு சொட்டு மட்டும் விட்டு ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் கார் ஓடியவள் நான். அப்போது பின் சீற்றில் தூங்கியவன் இப்போது எனக்கு மாடு காட்டுகிறான். எரிச்சலாக இருந்தது.

மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டானை நெருங்கும்போது, தெருவின் இடது பாதியில் நெல் காயப்போட்டு, ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். எதிரே ஒரு டிப்பர் லொறி வந்தது. நெல்லுக்கு முன்னாலேயே நிறுத்தினேன். பின்னால் வந்த வான் ஹோர்ன் அடித்தது.

"நெல்லில ஏத்தி எடுங்கோ அம்மா. எல்லாரும் அப்பிடித்தானே போகினம்," என்றான் மகன்.

"மாட்டன். ஹோர்ன் அடிக்கிறவர் என்ர காரை ஓடேல்லை."

வான்காரர் பொறுக்கவில்லை. எங்களை இடப்பக்கத்தால் முந்தி நெல்லின் மேல் ஏற்றினார். டிப்பர் கிட்ட வரப் பிரேக் பிடித்தார். நெல்லில் சில்லுகள் வழுக்கி, வான் குறுக்காகச் சறுக்கி வாய்க்காலுக்குள் இறங்கியது. நல்லகாலம், ஒருவருக்கும் காயமில்லை. நெல்லுக்குச் சொந்தக்காரி ஓடி வந்து, இந்தக் கிழமை இது இரண்டாவது வாகனம் என்று தலையில் அடித்துக்கொண்டார். அதன்பிறகு வற்றாப்பளை வரை மகன் மாடு காட்டவில்லை.

மாசி, பங்குனியில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: தெருவில் கல்லைக் கண்டால் நெல் இருக்கும். காய்ந்த நெல்லின் மேல் பிரேக் பிடிக்காது. எதிரே வருபவரை விட்டுவிட்டுப் போங்கள். பொழுதுபட முதல் வீட்டுக்குத் திரும்புங்கள். சூடான தாரில் மாடுகள் வந்து படுத்துவிடும். இரவில் எனக்குக் கண் கூசுகிறது, அதனால் ஓடுவதில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. முப்பது வயதில் முந்தத் தெரிந்திருந்தது, இப்போது நிற்கவும் தெரியும். வயது போனால் ஓட்டம் கெடும் என்பவர்கள் என்னோடு ஒருநாள் வந்து பார்க்கட்டும்.

பொங்கிப் படைத்துவிட்டுத் திரும்பும் வழியில் மகனின் போன் அடித்தது. காரை வாங்க இருந்தவர். நீங்களே சொல்லுங்கோ என்று போனை என் பக்கம் நீட்டினான்.

"ஓடேக்க நான் போன் கதைக்கிறேல்லை. நீ சொல்லு."

அவன் போனைக் காதில் வைத்தான்.

"காரை விக்கேல்லை அண்ணை. அம்மா ஓடுறா."