பதினோரு எழுத்தில் ஒரு பெயர்

அவன் முகம் மறந்துவிட்டது. விரல் மறக்கவில்லை. வலது கை ஆள்காட்டி விரல். நகத்தைக் கடித்துக் கடித்துச் சதை பிதுங்கிய நுனி. என் இரண்டு வருஷத்தை அழித்த விரல் அது.

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு டிடிபி கடையில் நான் டைப்பிஸ்ட். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். காலை பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் மலை கூடவே ஓடிவரும். அது ஓடுகிற ஓட்டத்தில் வரிகள் வரும். தாளில் எழுத முடியாது. வீட்டில் தாள் கிடந்தால் அண்ணன் எடுத்து, சாப்பிடும் நேரத்தில் எல்லோருக்கும் மூக்கால் வாசித்துக் காட்டுவான். ஆகவே வரிகளை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டு கடைக்கு வந்து, மதியம் டிபன் டப்பாவைத் திறக்குமுன் கம்ப்யூட்டரில் இறக்கிவிடுவேன். என் கவிதைகள் எல்லாம் அந்த ஒரே டிஸ்க்கில் இருந்தன. வேறெங்கும் இல்லை.

அவன் முதலாளியின் மச்சினன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏதோ ஒரு சென்டரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் கடைக்கு வந்தவன். ஒருநாள் பத்திரிகையில் தாய்மாமன் பெயரைச் சித்தப்பாவுக்குக் கீழே போட்டுவிட்டான். வந்தவர்கள் முன்னாலேயே திருத்தினேன். அன்று என்னை ஒரு பார்வை பார்த்தான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கடையைக் கழுவுவது வழக்கம். பேப்பர் வெட்டும் மிஷினுக்கு எண்ணெய், ஷட்டருக்கு எண்ணெய். கம்ப்யூட்டரை நான் துணியால் துடைத்துவிட்டுப் பூ வாங்கப் போனேன். திரும்பி வந்தால் திரை கறுப்பாகக் கிடந்தது.

"உள்ளயும் சுத்தம் பண்ணிட்டேன்க்கா. ஃபார்மட். புது மிஷின் மாதிரி ஆயிருச்சு பாருங்க."

"என்னோடது உள்ள இருந்துச்சே தம்பி."

"எது, அந்தக் கவிதையா? மனசுல இருக்கதுதான? இன்னொருக்கா அடிச்சுக்கிடுங்க."

பத்திரிகை மாதிரிகளை மட்டும் முன்னாடியே ஃப்ளாப்பியில் எடுத்து வைத்திருந்தான். அவனுடைய கேம்ஸையும். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 'எல்லாம் அழிந்துவிடும், தொடரட்டுமா?' என்று மிஷின் கேட்டிருக்கும். உயிரில்லாத தகரம், அதுகூட ஒரு வார்த்தை கேட்டிருக்கும்! இவன் ஆமாம் என்று 'ஒய்' அடித்திருக்கிறான்.

மறுநாள் மானிட்டரின் நெற்றியில் நான்தான் குங்குமம் வைத்தேன். பொரி வாயில் மண்ணாக அரைபட்டது. எல்லோரும் சரஸ்வதியிடம் படிப்புக் கேட்டார்கள். நான் கேட்டது வேறு.

கம்ப்யூட்டருக்குக் கட்டளை போடச் சொல்லித்தரும் டாஸ் புத்தகம் ஒன்று கடையில் யாரும் திறக்காமல் கிடந்தது. படித்தேன், பழி பிடித்தவள்போல. கடைக்குப் பெரிய டிஸ்க் வாங்கியதும் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு நானே எஃப்டிஸ்க் போட்டு அதை இரண்டாகப் பிரித்தேன். ஒரே வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்புகிற வேலைதான். சி கடைக்கு, டி எனக்கு.

அப்போதுதான் அந்த விதி கண்ணில் பட்டது. டிரைவுக்கு ஒரு பெயர் வைக்கலாம், பதினோரு எழுத்து வரைக்கும். பெயர் வைத்துவிட்டால் அந்தப் பெயரை எழுத்துப் பிசகாமல் அடித்தவனுக்கு மட்டும்தான் ஃபார்மட் பணியும்.

பஸ்ஸில் விரல்விட்டு எண்ணினேன். எத்தனையோ வசவுகள் நீளம் போதாமலும் மிஞ்சியும் போயின. ஒன்று மட்டும் ஆங்கில எழுத்தில் சரியாகப் பதினொன்றுக்குள் உட்கார்ந்தது: அழிச்சபாவி, AZHICHAPAVI. அவ்வளவு கச்சிதமான வரியை அதற்கு முன்னும் நான் எழுதியதில்லை, பின்னும் எழுதவில்லை.

தினமும் சாயங்காலம் டி-யில் இருப்பதை ஃப்ளாப்பியில் எடுத்து டிபன் பையில் போட்டுக்கொள்வேன். அடுத்த ஆயுத பூஜை நெருங்கியபோது அவனிடம் நானே சொன்னேன்: "டி டிரைவுல என் சாமான்தான் கெடக்கு தம்பி. தொட்டுராதீங்க."

கடை கழுவுகிற அன்று சோழபுரத்து அண்ணாச்சி ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார். முதலாளியும் இருந்தார்.

"செத்த நேரம் இருங்க அத்தான், டி-யவும் சுத்தம் பண்ணிட்டு வாரேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான் மச்சினன். அடித்தான். மிஷின் பெயர் கேட்டது. வெறும் எண்டரைத் தட்டினான். தவறு என்றது. மறுபடி தட்டினான். மறுபடி தவறு.

"என்னமோ பேரு கேக்குது."

"அம்புட்டு நாளு படிச்ச, இது தெரியாதாக்கும்?" என்றார் முதலாளி.

நான் பூக்கட்டிக்கொண்டே சொன்னேன்: "டி.ஐ.ஆர் போடுங்க தம்பி. பேர மேலயே காட்டும்."

போட்டான். காட்டியது. அவன் காது மடல் சிவப்பதைப் பார்த்தேன். அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கிவிட்டு எழுத்துக்கூட்டினார். "அழிச்ச... பாவி. யாருப்பா அது?"

"டிரைவு பேரு அண்ணாச்சி. யாரு அழிக்காவளோ அவிய இத எழுதிக்குடுத்துட்டுத்தான் அழிக்கணும்."

முதலாளிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கேக்குதுல்லா, அடி மாப்ள!"

அவன் எழுந்து போயிருக்கலாம். போனால் தெரியாமல் போனான் என்றாகிவிடும். அடித்தான், அந்த ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி. மிஷின் ஏற்கவில்லை.

"நடுவுல ஒரு ஹெச் விட்டுட்டீங்க தம்பி. முதல்லருந்து அடிங்க."

முதலிலிருந்து அடித்தான். அண்ணாச்சி கூடவே சத்தமாக வாசித்தார். கடைசி எழுத்து விழுந்ததும் மிஷின் பணிந்து, தொடரட்டுமா என்றது. 'ஒய்' அடித்தபோது அவன் என்னைப் பார்க்கவில்லை.

"ஏம்மா, ஒன் சாமான்லாம் போயிருச்சே?" என்றார் அண்ணாச்சி.

"போகட்டும் அண்ணாச்சி."

டிபன் பை என் கணுக்காலில் சாய்ந்திருந்தது. போன ஆயுத பூஜையில் போனவை போனவைதான். ஒரு வரிகூடத் திரும்பவில்லை. அதற்காகத்தான் ஹெச்சை விடாமல் அடிக்க வைத்தேன்.

சதவீதம் ஏறி ஏறி நூறானது. டிரைவுக்குப் புதுப் பெயர் என்ன என்று மிஷின் கேட்டது. அவன் கை கழுவப் போய்விட்டான். சூடு ஆறாத நாற்காலியில் உட்கார்ந்து, பத்து விரலாலும், கீபோர்டைப் பார்க்காமல், அதே பதினோரு எழுத்தை அடித்தேன்.

"வாங்க அண்ணாச்சி, பத்திரிகையப் பாத்துருவோம்."