மேடு ஏறாத வழி

பல்லேபொலையில் மிளகு பறிக்கும் வேலை முடிந்து, பையைத் தோளில் போட்டு மாத்தளைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஓடையோரம் ஒரு மருத மரத்தை அறுத்துப் போட்டிருந்தார்கள். அந்த ஈரப் பட்டையின் வாசனையில் அக்கா நினைவில் வந்துவிட்டாள்.

அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே நெஞ்சு பலவீனம். மேடு ஏறினால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். எங்கள் வீட்டிலிருந்து டவுனுக்குப் போகும் ரோடு மேட்டில் ஏறி இறங்கியது, ஆறு மேட்டைச் சுற்றிக்கொண்டு போனது. அதனால் நாங்கள் ஆற்றோடு போவோம், செருப்பைக் கையில் பிடித்து, மருத வேர்களில் கால் வைத்து, துணி துவைக்கும் சத்தத்தையும் மீன்கொத்தியின் சத்தத்தையும் கேட்டுக்கொண்டே. கராம்பு காயும் வாசனை வந்தால் கடைத்தெரு வந்துவிட்டதென்று அக்கா காலைக் கழுவிச் செருப்பைப் போடுவாள்.

"நானும் ஆறும் ஒண்ணுடா தம்பி, மேட்டுல ஏற மாட்டோம்" என்பாள்.

"மழைக்கு நீயும் பொங்குவியா?"

"பொங்குனா மொதல்ல ஒன்னயத்தான் அடிச்சிட்டுப் போவேன்."

பிறகு மரங்களை வெட்டி, மதில் கட்டி, கரையில் வாகனம் நிறுத்த இடம் போட்டார்கள். "அதான் ரோடு இருக்கே" என்றார்கள். ரோடு இருந்தது. அக்கா அதற்குப் பிறகு டவுனைப் பார்க்கவில்லை. நான் வீடு திரும்பும்போதெல்லாம், கராம்பு காயுதா என்று வாசலிலிருந்து கேட்பாள். சாகும்வரை கேட்டாள்.

"வேலை தேடுறீங்களா?" என்றார் ஓடையோரம் அந்த மரத்தை அறுத்த மேஸ்திரி. ஆற்றங்கரையில் அறுக்க இன்னும் மரங்கள் இருக்கின்றனவாம்.

மறுநாள் காலை சேர்ந்தேன். மரம் சாயும்போது கயிறு பிடிப்பது என் வேலை.