முத்துக்கனி அறுத்த தோசை

முத்துக்கனிக்கு யாரையும் லேசில் நம்பிப் பழக்கமில்லை. மீன்காரியிடம் செவுளை மூன்று தடவை விரித்துப் பார்ப்பாள். பனையேறிவிட்டு வரும் புருஷன் பொன்னுலிங்கம் பசியில்லை என்று சொல்லிவிட்டால் போதும், எந்த வீட்டில் கை நனைத்தான் என்று விசாரணை தொடங்கிவிடும்.

மிஷன் பள்ளிக்கூடத்தின் மேல் அவளுக்கிருந்த சந்தேகத்துக்கு மட்டும் தக்க காரணம் இருந்தது. அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்ல, அய்யா வழிக் குடும்பம். அவள் அண்ணன் அந்தப் பள்ளியில் மத்தியானச் சோறு தின்று படித்தவன். பதினாறு வயதில் வேதத்தில் சேர்ந்து, கிறிஸ்தவனாகிக் கொழும்புக்குப் போனான். பெற்ற தாயை அடக்கம் செய்த அன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. மயிலாடிப் பக்கத்து அந்த ஊரில் வேறு பள்ளி இல்லாததால்தான் ஆறு வயது அன்னக்கிளியை அங்கே சேர்த்தாள். வீட்டுச் சோறு தவிர எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியமும் வாங்கியிருந்தாள்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பிள்ளை விரலிடுக்கில் மாவு காய வீட்டுக்கு வந்தது.

“என்னட்டி இது?”

“கருப்பட்டித் தோசை சுட்டோம். நாந்தான் மாவு அளந்தேன். டீச்சர் எல்லாருக்கும் குடுத்தாவ.”

“சும்மா குடுத்தாவளா?”

“இல்ல, இப்பிடிச் செஞ்சிட்டுக் குடுத்தாவ” என்று அன்னக்கிளி உள்ளங்கையில் மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு இழுத்துக் காட்டியது.

முத்துக்கனி அந்தக் கையைப் பிடித்து மறுபடி போட்டுக் காட்டச் சொன்னாள். சிலுவை! அண்ணனையும் இப்படித்தான் வளைத்திருப்பார்கள். திங்கட்கிழமை முதல் பிள்ளையின் பள்ளிக்கூடத்தை நிறுத்தினாள். அன்னக்கிளி அழுத அழுகைக்கெல்லாம் அவள் அசையவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, கையும் களவுமாகப் பிடித்து ஊரைக் கூட்டுவது என்று புறப்பட்டு, பள்ளியின் ஓலைத் தட்டிக்குப் பின்னால் போய் நின்றாள். உள்ளே நேசம்மாள் டீச்சர் அடுப்பை மூட்டியிருந்தாள். பிள்ளைகள் தேங்காய்ச் சிரட்டையால் அரிசி மாவை அளந்து கொட்டின. “ரெண்டு சிரட்டை மாவுக்கு ஒரு சிரட்டை தேங்காப்பாலு. அப்போ நாலு சிரட்டைக்கு எத்தனை?” என்று டீச்சர் கேட்க, ஒரு பையன் “பத்து” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். முத்துக்கனி சிரிக்கவில்லை. தோசை வெந்தது, டீச்சர் கத்தியை எடுத்தாள். மேலிருந்து கீழே ஒன்று, குறுக்கே ஒன்று.

“நில்லுங்க!” முத்துக்கனி பாய்ந்து உள்ளே போனாள். “சிலுவை போட்டாக்குமா பிள்ளையளுக்குத் தீனி குடுக்கிய?”

நேசம்மாள் தோசையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். முகம் சுருங்கினாலும் குரலை உயர்த்தவில்லை. “நாலு பேருக்கு ஒரு தோசை, பங்கு கணக்காக்கும் படிக்குது. நீங்களே சமமா வெட்டிக் குடுங்க, குறுக்க கோடு விழாம” என்று கத்தியை நீட்டினாள்.

இதென்ன பெரிய காரியம்! முத்துக்கனி அடுத்த தோசையை நெடுக மூன்று கோடாக அறுத்தாள். நடுத்துண்டுகள் இரண்டும் அகலமாக விழுந்தன. ஓரத்துண்டு வந்த பையன், “எனக்குச் சின்னது” என்று முகத்தைத் தூக்கிக்கொண்டான். பிள்ளைகளெல்லாம் அவன் கட்சி. அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. மூன்றாவது தோசையைச் சரிபாதியாக அறுத்தாள். கத்தி அப்படியே நின்றது. பிறகு வேறு வழியில்லாமல் அவள் கையே குறுக்கே ஒரு கோடு போட்டது.

நாலும் சமம். மூன்று பிள்ளைகள் ஆளுக்கொன்று எடுத்தன. ஒரு துண்டை யாரும் தொடவில்லை.

“இது ஆருக்கு?”

“அன்னக்கிளிக்க பங்கு. அவ வரல்லல்லா” என்றான் ஓரத்துண்டுக்காரன்.

நேசம்மாள் அதை வாழையிலையில் பொதிந்து கொடுத்தாள்.

வரப்பில் நடக்கும்போது முத்துக்கனிக்குத் தன் பள்ளிக்கூட நாள் ஞாபகம் வந்தது. அண்ணன் வேதத்தில் சேர்ந்த மறுநாள், அம்மை இவளுடைய சிலேட்டைப் பிடுங்கி உப்புப் பானைக்கு மூடியாகப் போட்டாள். இரண்டாம் வகுப்போடு இவள் படிப்பு முடிந்தது. அதனால் அண்ணன் திரும்பி வந்தானா? வரவில்லை. இவளுக்கு இன்றுவரை தன் பெயரை எழுதத் தெரியாது.

வாசலில் அன்னக்கிளி நின்றது. இலையைப் பிரித்ததும், “திங்கக்கிழமை பள்ளியூடத்துக்குப் போவட்டா அம்மா?” என்று பயந்து பயந்து கேட்டது.

“போ மக்கா” என்றாள் முத்துக்கனி. “வெள்ளிக்கிழமை மட்டும் நானும் கூட வருவேன். அந்த டீச்சரை நான் இன்னும் நம்பல்ல.”