சாலையிலிருந்து எண்ணிய வீடுகள்

நான் ஒரு பொய் அறிக்கை எழுதினேன். கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு கடைமடைக் கிராமத்தில் சம்பா கருகிய ஆண்டு, பாதிப்பைப் பார்த்துவர வருவாய்த் துறை அதிகாரியான என்னை அனுப்பினார்கள். ஜீப்பை விட்டு நான் இறங்கவில்லை. சாலையோரத்துப் புதுச் சுவர்களை எண்ணி, ‘வீடுகள் பெருகுகின்றன, ஊர் செழிப்பாக உள்ளது’ என்று எழுதினேன். அவை முந்தைய விளைச்சல் பணத்தில் தொடங்கி, ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தோடு நின்றுபோனவை. ஊருக்கு நிவாரணம் வரவில்லை.

ஓய்வுபெற்ற பின் அங்கே போய், ஒரு விவசாயியிடம் உண்மையைச் சொன்னேன்.

“அது நீங்கதானா சார்? உள்ள வாங்க, நீங்க எண்ணுன வீடுதான். ஆடுங்க குடியிருக்கு, கூரைதான் இல்ல,” என்றார்.

தவறை ஒப்புக்கொண்டு கலெக்டருக்கு மனு எழுதினேன். முடிந்துபோன கோப்பு என்று பதில் வந்தது. அதை அவரிடம் காட்டப் போனபோது ஆடுகளும் இல்லை. அந்தக் குடும்பத்தார் நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார்களாம்.